எட்டடித் தொட்டியும் நாலு மில்லியும்

கண்ணாடியை யாரும் அறுப்பதில்லை. கீறுவார்கள், அப்புறம் ஒடிப்பார்கள். "கண்ணாடி அறுக்கிற குருசாமி" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது, இந்தக் கோபத்தை மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லி மாளாது.

போன வாரம் நான் வேலை பார்த்த மீன்தொட்டிப் பட்டறையிலிருந்து ஃபோன் வந்தது. பத்தடி நீளத்தில் விளிம்பில்லாத, கடல் பவளம் வளர்க்கிற தொட்டி ஒன்றுக்கு வேலை வந்திருக்கிறதாம். மைசூர் விஜயநகர் டாக்டர் வீட்டு எட்டடித் தொட்டியை எப்படிக் கட்டினோம் என்று ஒன்றுவிடாமல் எழுதித் தரச் சொன்னார்கள். "எழுதுனா நான் பண்ணுன தப்பையும் சேத்துத்தான் எழுதுவேன்" என்றேன். "அதான் சார் வேணும்" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாதாரண மீன்தொட்டியில் மேலே ஒரு சட்டம் சுற்றி ஓடும், இல்லாவிட்டால் குறுக்கே ரெண்டு கண்ணாடிப் பட்டை இருக்கும். தண்ணீர் வெளியே தள்ளும்போது கண்ணாடி வயிறு புடைக்காமல் அது பிடித்துக்கொள்ளும். விளிம்பில்லாத தொட்டியில் அந்தப் பிடிமானம் கிடையாது. ஐந்து கண்ணாடி, நடுவில் சிலிக்கான் பசை, அவ்வளவுதான். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஹாலில் தானாக நிற்கிற மாதிரி இருக்கும். அப்படியொரு அழகு. ஆனால் சட்டம் இருந்தால் மறைந்துபோகிற தப்பெல்லாம் இங்கே பளிச்சென்று தெரியும். தண்ணீர் மட்டத்துக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் நடுவில் கண்ணுக்கு எதிரே ஓடுகிறது ஒரு கோடு. அது ஒரு பக்கம் சாய்ந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

நான் ஹனூர் பக்கத்துக் கௌதள்ளிக்காரன். பதினெட்டு வயதில் மைசூருக்கு வந்தேன். ஜன்னல் கண்ணாடி, கடை ஷோகேஸ், சலூன் நிலைக்கண்ணாடி என்று பன்னிரண்டு வருடம் ஓடியது. அதை விவரிக்கப் போவதில்லை. இடது உள்ளங்கையில் ஆறு தழும்பு இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சாந்தலா மேடம் பட்டறையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

மேடம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துவிட்டு, வேலையை உதறி, மீன்தொட்டிப் பட்டறை வைத்தவர். கன்னடக்காரர். தமிழை எங்களிடம்தான் கற்றுக்கொண்டார், அதனால் அதில் பாதி கன்னடம் இருக்கும், மீதியில் எங்கள் ஊர் வாடை அடிக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கண்ணாடிப் பக்கம் வருமுன் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி ஒரு டிபன் டப்பாவில் போட்டு மூடிவிடுவார். காய்ந்த சிலிக்கான் இணைப்பைக் கண்ணால் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரல் நகத்தை அதன் மேல் ஓட்டுவார். எங்காவது நகம் தயங்கினால், "ரீ குருசாமி, இல்லி ஏனோ இருக்கு" என்பார், இங்கே என்னமோ இருக்கிறது என்று அர்த்தம்; "ரீ" என்பது நம் "ங்க" மாதிரி மரியாதை. போய்ப் பார்த்தால் கடுகளவு காற்றுக் குமிழ் இருக்கும். முதலில் எனக்கு எரிச்சலாக வரும். போகப் போக, கண்ணை மூடிக்கொண்டு அவர் நகம் ஓட்டுகிற அழகை வேடிக்கை பார்க்கவே பக்கத்தில் போய் நிற்க ஆரம்பித்தேன்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எந்த அளவையும் இரண்டு தடவை எடுக்க வேண்டும், இரண்டாவது தடவை கருவியைத் திருப்பி வைத்து எடுக்க வேண்டும். ரசமட்டத்தை வைத்து, மேட்டுப் பக்கம் ஓடுகிற குமிழைப் பார்த்தாயா, அதையே முனை மாற்றி வைத்து மறுபடி பார். இரண்டு தடவையும் குமிழ் ஒரே இடத்தில் நின்றால்தான் அது அளவு.

அந்த எட்டடித் தொட்டி கேட்ட டாக்டர் லட்சத்தீவு அரசு ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் வேலை பார்த்தவர், கண் டாக்டர். அங்கே தண்ணீருக்குள் முங்கிப் பவளத்தைப் பார்த்தவருக்கு அந்தப் பைத்தியம் விடவில்லை. அவர் மனைவி கப்பல் ஒத்துக்கொள்ளாமல் ஒருதடவைகூட அங்கே போகவில்லை. "இவளுக்குக் காட்டணும், அவ்வளவுதான்" என்றார் எங்களிடம். கூடவே ஒரு நிபந்தனை போட்டார். கடலில் பிடுங்கின பவளம் ஒரு துண்டுகூட வரக்கூடாது, வளர்த்து, அதற்கான சான்றுக் காகிதத்தோடு வருவதுதான் வேண்டும். மேடத்துக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே மனிதரைப் பிடித்துவிட்டது.

எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். கண்ணாடி பத்தொன்பது மில்லி கனம். பாறையும் தண்ணீரும் சேர்ந்தால் ஒன்றரை டன் வரும். மேடம் ஹால் தரையைக் கட்டைவிரல் மூட்டால் தட்டிப் பார்த்துவிட்டு, டைல்ஸுக்கு அடியில் பொக்கு, அதாவது வெற்றிடம், இருக்கிறது என்றார். டைல்ஸை எடுத்துவிட்டுக் கான்கிரீட் மேடை போட வேண்டும். அதற்குத்தான் மாதையனை நான் கூட்டிக்கொண்டு போனேன். ஹனூர் பக்கத்துப் பையனாக மைசூருக்கு வந்து மேஸ்திரி ஆனவன், எட்டு ஆட்களை வைத்து வேலை செய்கிறவன், என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவன். டாக்டரின் தம்பி பக்கத்துத் தெருவில் வீடு கட்டப் போகிறார், மேடை நன்றாக வந்தால் அந்த வீடு மாதையனுக்கு. டாக்டர் அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அந்த வீடு என்றால் எட்டுக் குடும்பத்துக்கு ஒரு வருட வேலை. மாதையன் மேடையை மூன்று நாள் பார்த்துப் பார்த்துப் போட்டான். பத்து நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தான்.

அந்தப் பக்கம் மேடை காய்ந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் பட்டறையில் கண்ணாடி ஒட்டினோம். ஒட்டுகிற நாளில் மேடம் முதலில் எங்கள் எல்லோரையும் பாத்ரூமுக்கு அனுப்புவார். அப்புறம் மூக்கைச் சிந்தச் சொல்வார். அப்புறம் ஃபோன்களை வாங்கி அதே டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பார். சிரிப்பாக இருக்கிறதா? எழுபது கிலோ கண்ணாடியை நாலு பேர் உறிஞ்சுபிடியால் தொங்கவிட்டுப் பிடித்திருக்கும்போது ஒருத்தனுக்குத் தும்மல் வந்தால் தெரியும்.

விளிம்பை ஸ்பிரிட் துணியால் துடைக்க வேண்டும். துடைத்த இடத்தில் விரல் பட்டால் மறுபடியும் துடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டு, சிலிக்கான் துப்பாக்கியை ஒரு மூலையில் வைத்தால் அடுத்த மூலைவரை நிற்கக்கூடாது. எட்டடியும் ஒரே ஓட்டம், ஒரே கனம், நடந்துகொண்டே. நடுவில் நின்றால் அந்த இடத்தில் காற்றுப் புகுந்துவிடும். அந்த ஓட்டத்தை எப்போதும் நான்தான் ஓட்டுவேன். கண்ணாடி இறங்கி உட்கார்ந்ததும் பசை இரண்டு பக்கமும் ஒரே அளவு பிதுங்கியது. மேடம் "ஆய்த்து" என்றார், ஆச்சு என்று அர்த்தம். அவர் வாயால் "ஆய்த்து" வாங்குவது லேசில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு மைசூர் மகாராஜாவே நான்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் யாரும் தொடக்கூடாது. பிறகு அடியில் செய்தித்தாள் விரித்துத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். தாளில் ஈரம் எங்கே படுகிறது என்று பார்த்தால் ஒழுக்கு எங்கே என்று தெரிந்துவிடும். மூன்று நாள் கழித்துத் தாளை எடுத்தால், அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருந்தது.

டாக்டர் வீட்டில் இரும்புத் தாங்கியை மாதையன் மேடையில் வைத்தது ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள். தாங்கிக்கு ஆறு கால், ஒவ்வொரு காலிலும் திருகு. திருகை ஏற்றி இறக்கி மட்டம் செய்யலாம். மேடம் அன்று பெங்களூரில் இருந்தார். நான் என் ஓரடி ரசமட்டத்தை வைத்தேன். வலப்பக்கம் மேடாகக் காட்டியது. 'மாதையா, கோட்டை விட்டுட்டியே' என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, திருகுகளைத் திருகி, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அப்போது மேடம் ஃபோன் செய்தார்.

"ரீ குருசாமி, லெவல் ஆய்த்தா?"

"ஆச்சு மேடம். மேஸ்திரி மேடை கொஞ்சம் கோணல். நான் சரி பண்ணிட்டேன்."

"திருப்பி வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

பார்க்கவில்லை. வாசலில் பத்துப் பேர் தொட்டியைத் தூக்கக் காத்துக்கொண்டு நின்றார்கள். பதினேழு வருடம் என் கையில் இருக்கிற ரசமட்டம், அதைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று ஒரு திமிர். பெரிய பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்டால் சாப்பிட்டாச்சு என்று சொல்லிவைக்கிற மாதிரி வாயில் வந்துவிட்டது.

கதவை நிலையிலிருந்து கழற்றி, தொட்டியை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தோம். மறுநாள் காலை நல்ல தண்ணீர் நிரப்ப ஆரம்பித்தோம். உப்புக் கலப்பது பிறகுதான். மேடமும் வந்துவிட்டார். பத்தரை மணிக்கு முக்கால்வாசி நிரம்பியது, பதினொன்றரைக்கு மேலே வந்துவிட்டது. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். ஜன்னல் வெளிச்சம் தண்ணீருக்குள் புகுந்து எதிர்ச் சுவரெல்லாம் அலை அலையாக ஆடியது.

சோபாவில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாதான் கேட்டார். "ஏன்ரீ, தண்ணி அந்தக் கடே சாஞ்ச மாதிரி இல்ல?"

மேடம் எஃகு ஸ்கேலை எடுத்துக் கண்ணாடி ஓரத்திலிருந்து தண்ணீர்வரை அளந்தார். இடது கோடியில் நாற்பது மில்லி. வலது கோடியில் முப்பத்தாறு. நாலு மில்லி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. குழாயை நிறுத்தச் சொன்னார்.

"மேடை எறங்கிடுச்சு மேடம்" என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். "நேத்தே கோணலா இருந்துச்சு. எடை ஏறுனதும் வலப்பக்கம் உக்காந்துடுச்சு."

டாக்டர் மாதையனுக்கு ஃபோன் செய்தார். அவன் கால்மணி நேரத்தில் சிமெண்ட் கையோடு ஓடி வந்தான். தொட்டியைப் பார்த்தான், மேடையைத் தடவிப் பார்த்தான்.

"எறங்கியிருக்காதுங்க சார். கம்பி கட்டிப் போட்டதுங்க. சைட்டுல டியூப் கெடக்குது, போய் எடுத்தாந்து தண்ணி மட்டம் புடிச்சுக் காட்டீறனுங்க."

"தண்ணியே சாஞ்சு நிக்குது, இன்னும் என்னடா டியூப்பு?" என்றேன்.

மாதையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணா, நீங்களே இப்படிச் சொன்னா நானு எங்கீங்க போறது?"

டாக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஸ்கேலை இரண்டு கோடியிலும் மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "குருசாமி திருப்பி வெச்சுப் பாத்திருக்கார், டாக்டர். நேத்து லெவல் சரியாத்தான் இருந்தது. அவர் அளவுக்கு நான் பொறுப்பு."

அதோடு முடிந்தது. டாக்டர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "பரவாயில்ல மேஸ்திரி, நீங்க போங்க. தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். அதன் அர்த்தம் அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். மாதையன் வெளியே போனான். மேடம் தண்ணீரை வெளியேற்றுவது பற்றிப் பட்டறைக்குப் பேசப் பின்கட்டுக்குப் போனார், டாக்டர் உள்ளே போனார்.

மேடை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்துவைக்கலாமே என்று ரசமட்டத்தை நேற்று வைத்த மாதிரியே தாங்கியின் சட்டத்தில் வைத்தேன். குமிழ் நட்டநடுவில் நின்றது.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. மேடை இறங்கியிருந்தால் தாங்கியும் சாய்ந்திருக்க வேண்டும், குமிழ் ஓட வேண்டும். மேலே தண்ணீர் சாய்ந்திருக்கிறது, கீழே என் ரசமட்டம் எல்லாம் மட்டம் என்கிறது. இரண்டில் ஒன்று பொய். தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ரசமட்டத்தை முனை மாற்றித் திருப்பி வைத்தேன். குமிழ் விருட்டென்று இடப்பக்கம் ஓடியது.

கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம், ஒரு முனையில், காய்ந்த சந்தனம். ஆயுத பூஜை அன்று நான் என் கையால் இழைத்து வைத்த பொட்டு. குமிழ்க் கண்ணாடியை மறைக்கக்கூடாது என்று ஓரமாக, முனையில் வைத்திருந்தேன். சந்தனம் கொஞ்சம் நீர்த்துப்போய், வழிந்து, அடியில் போய்க் கல்லாகக் காய்ந்திருக்கிறது. பூஜைப் பொட்டைத் துடைக்கமாட்டேன், தானாக உதிரட்டும் என்று விடுவது என் பழக்கம். அரை மில்லி கனம்தான் இருக்கும். ஓரடிக்கு அரை மில்லி என்றால் எட்டடிக்கு நாலு மில்லி. மாதையன் மேடையில் கோணல் இருக்கவே இல்லை. மட்டமாக இருந்த தாங்கியைத் திருகித் திருகிக் கோணலாக்கினவன் நான்.

சுற்றிலும் பார்த்தேன், ஹாலில் ஆளில்லை. உண்மையைத்தானே எழுத வேண்டும்? என் கட்டைவிரல் நகம் தானாகப் போய் அந்தச் சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டது. பாதி உதிர்ந்தும்விட்டது. இன்னும் நாலு சுரண்டு, அப்புறம் தண்ணீரை இறக்கிவிட்டுத் திருகைச் சரிசெய்தால் தொட்டி மட்டமாகிவிடும். ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. வெளியே மாதையன் மொபெட்டை மிதித்துக்கொண்டிருந்தான். அது கிளம்பாமல் இழுத்துக்கொண்டிருந்தது. மிதிக்கிற சத்தம் ஒவ்வொன்றும் என் நெஞ்சில் விழுந்தது. எட்டுக் குடும்பம். சீ, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது.

ஓடிப்போய் மொபெட் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டேன். "உள்ள வாடா" என்றேன். அவன் பயந்தே போனான். எல்லோரையும் கூப்பிட்டேன். மேடம் கையில் ரசமட்டத்தைக் கவிழ்த்துக் கொடுத்தேன்.

"சந்தனம் மேடம். இது பூரா என் தப்பு. மேடை மட்டமாத்தான் இருந்துச்சு. நேத்து நான் திருப்பி வெச்சுப் பாக்கல. பாத்தேன்னு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். பாதிய இப்பச் சுரண்டிட்டேன், அதையும் சொல்லிடறேன்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரல் நகத்தை அந்த அடிப்பக்கத்தில் ஓட்டினார். நகம் தயங்கிய இடத்தில் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மாதையன் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"மேஸ்த்ரி, க்ஷமிஸி. தப்பு எங்க பட்டறையோடது. உங்க வேலைல ஒரு குறையும் இல்ல. நான்தான் தப்பாச் சாட்சி சொல்லிட்டேன்."

மாதையன் நெளிந்தான். "ஐயோ, அம்மா, கையக் கீழ போடுங்க." மேடம் போடவில்லை. அப்படியே டாக்டர் பக்கம் திரும்பி, "டாக்டர், தம்பிக்கு இப்பவே ஃபோன் பண்ணுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. மேஸ்த்ரி கேக்கணும்" என்றார். டாக்டர் பண்ணினார். தம்பியும் சரி என்றார். மாதையன் சிமெண்ட் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதற்கப்புறம்தான் மேடம் கையைக் கீழே இறக்கினார்.

நான் என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அன்று முழுக்க ஹோஸ் போட்டு ஆயிரம் லிட்டரையும் தோட்டத்தில் இறக்கினோம். மேடம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது. கடைசி வாளியும் போனபிறகு பக்கத்தில் வந்தார்.

"ரீ குருசாமி. சந்தனம் தப்பு இல்ல. யாருக்கு வேணும்னாலும் ஆகும். 'பாத்தேன்'ன்னு சொன்னீங்களே, அத நம்பி நான் ஒரு மனுஷனோட வயித்துல அடிச்சுட்டேன்."

"இனிமே இல்ல மேடம்" என்றேன்.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வாங்க" என்றார், அவ்வளவுதான்.

அந்தத் தொட்டியில் பிறகு உப்புத் தண்ணீர் கலந்து, பாறை அடுக்கி, ஒன்றரை மாதம் ஒரு மீன்கூட விடாமல் சும்மா ஓடவிட்டார் மேடம். கரண்டு போனாலும் பம்பு நிற்கக்கூடாது என்று இரண்டு இன்வெர்ட்டர் வைக்கச் சொன்னார். முதல் பவளம் காகிதத்தோடு வந்தது. ஒரு வருடத்தில் பாறை தெரியாமல் படர்ந்துவிட்டது. ஊதாவும் பச்சையுமாக ஆடுகிற அதன் கைகளுக்குள் கோமாளி மீன் இரண்டு புகுந்து புகுந்து வரும். கப்பல் ஏறாத டாக்டரம்மா தினமும் காலைக் காப்பியை அதற்கு எதிரில்தான் குடிக்கிறார். எட்டு வருடமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. என் ஆயுளில் அதைவிட அழகான ஒன்றை என் கை தொட்டதில்லை, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

ஆனால் இதையெல்லாம் கேட்டு எழுதச் சொன்னவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நடந்தது.

டாக்டர் வீட்டுக்குப் போனபோது மாதையன் டியூப்போடு உட்கார்ந்திருந்தான். மேடம்தான் வரச்சொல்லியிருக்கிறார். எட்டுப் பேராகத் தொட்டியைத் தூக்கி ஓரமாக இறக்கினோம். மாதையன் நீளமான டியூப்பில் தண்ணீர் ஏற்றி, குமிழ் போகச் சுண்டிவிட்டு, ஒரு முனையைத் தாங்கியின் இடது கோடியில் பிடித்துக்கொண்டான். டியூப் எப்படி வளைந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், அது தாங்கியிலிருந்து எவ்வளவு உயரம் என்று இரண்டு பக்கமும் அளந்தால் சாய்வு தெரிந்துவிடும். வலது கோடியில் பிடிக்க ஆள் வேண்டும். அவன் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். மேடம் அவர்களைக் கூப்பிடவில்லை.

"குருசாமி பிடிப்பார்" என்றார். சொல்லிவிட்டு எங்கள் பக்கம் பார்க்காமல், நோட்டைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் சொல்வதை எழுதிக்கொள்ளத் தயாராக.

வலது கோடியில் மண்டியிட்டு உட்கார்ந்து டியூப்பைப் பிடித்தேன். டியூப்பில் தண்ணீர் ஏறி இறங்கி ஆடியது. நிற்கும்வரை காத்திருந்தேன்.

மாதையன் அவன் முனையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். "உங்க பக்கம் எவ்வளவுங்கண்ணா?"

பார்த்தேன். டியூப்பைக் கீழே வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி பார்த்தேன். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தேன்.